நாய்களின் ஊர்வலத்தில் அக்கா

நாய்க்கு வேஷம் கட்டி ஊர்வலம் போகிற சனத்தை ரொறன்ரோவில் இந்த முப்பது வருடத்தில் நான் காணவில்லை என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்குள் இருந்து கண்டிருக்கிறேன். கண்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருக்கிறேன். ஒருநாள் அந்தக் கூட்டத்துக்குள் நானே போய் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் நல்ல டொக்டராகப் பாருங்கோ என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஆனால் போனேன். அக்காவுக்காகப் போனேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். அது பொய். அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது, மகளுக்கு அன்றைக்கு வேலை, என் கணவர் வழக்கம்போல முழங்கால் நோகிறது என்று கதிரையில் சாய்ந்துவிட்டார். மிச்சமாக இருந்தது நான் ஒருத்திதான்.

நாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது அத்தானின் நாய். அக்காவும் அத்தானும் ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடியில் இருந்தார்கள். அத்தானோடு வேலை செய்த ஒருவர் வேறு மாகாணத்துக்குக் குடிபோகும்போது இந்தச் சனியனை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கட்டைக் கால், தேவையில்லாத நீளத்துக்கு ஒரு முதுகு, ஒரு காது நிமிர்ந்தபடி, மற்றது விழுந்தபடி. அதற்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, நாய் என்றால் போதும். போன வருடம் பங்குனியில் அத்தான் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அக்காவை ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்காவோடு இரண்டு சூட்கேசும் ஒரு தையல் மெசினும் இந்த நாயும் வந்து இறங்கின.

வீட்டுக்குள் நாய் வைத்துப் பழக்கமில்லாத ஆட்கள் நாங்கள். ஊரில் நாய் என்றால் முற்றத்தோடு சரி. இங்கே அது சோபாவில் ஏறியது, கம்பளத்தில் மயிரைக் கொட்டியது, என் கணவர் சாப்பிடும்போது கண்ணை வெட்டாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியறை வாசலில் குழந்தைகள் படியில் விழாமல் வைக்கிற தடுப்பு ஒன்றை வாங்கி வைத்தேன். கண்டறியாத நாய் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். அக்கா அதைக் கேட்டபடி மயிரைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்.

இந்த நிலையில்தான் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. நாள் தையில். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரௌவ்வில் ஊர்க்காரர், எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே மூன்று தரம் சொன்ன ஆட்கள். நானும் முறை பார்க்கிறவள்தான். தாலிக்குப் பொன் உருக்கிற பொன்னுருக்குக்கு யார் வருவது, தட்டுத் தூக்குவது யார், மணமக்களுக்கு ஆரத்தித் தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுக்கிற இரண்டு பேர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்களைத்தான் எழுத வேண்டும். அப்படித்தான் எழுதினேன்.

மகள் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தாள்.

"பெரியம்மாவின்ரை பேர் எங்கை?"

"அவ வருவா தானே பிள்ளை. முன்னுக்கு இருப்பா."

"இருக்கிறதைக் கேக்கேல்லை. ஆலாத்தி பெரியம்மாதான் எடுக்கோணும்."

"அது முறையில்லை."

"மொம், தட்ஸ் சோ மீன். ஹூ ரெய்ஸ்ட் மீ?"

அவள் கேட்டதில் பிழையில்லை. அவள் பிறந்த காலத்தில் அக்காவும் அத்தானும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் இரண்டு இடத்தில் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவளைக் குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, தோளில் போட்டு நித்திரையாக்கியது எல்லாம் அக்கா. முதல் தரம் அவள் அம்மா என்று சொன்னதும் அக்காவைப் பார்த்துத்தான். அதற்காக நான் ஒரு கிழமை அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அக்கா குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"வேண்டாமடா குஞ்சு. நான் பின்னுக்கு இருந்து பாக்கிறன். எனக்கு அது காணும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவே சொல்லிவிட்டார், இனி என்னில் பழியில்லை.

மகள் என்னோடு கோபித்துக்கொண்டு போய்ச் செய்த வேலைதான் இந்த ஹலோவீன் ஊர்வலம். எங்கள் பக்கத்துப் பூங்காவில் வருடா வருடம் ஹலோவீன் பேய்த் திருநாளுக்கு நாய்களுக்கும் நாய்காரருக்கும் ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். வேஷம், ஊர்வலம், பரிசு என்று பெரிய எடுப்பு. அதற்கு அக்காவையும் நாயையும் பதிந்துவிட்டாள். பதிவு தொடங்கிய அதே நிமிடத்தில் பதிந்ததால் ஒன்றாம் இலக்கம் கிடைத்தது. "உங்கடை கலியாணத்திலை நிக்க விடமாட்டியள். இதிலை எண்டாலும் நிக்கட்டும்," என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். கலியாணம் அவளுடையது. ஆனால் "உங்கடை கலியாணம்" என்றுதான் சொன்னாள்.

அக்கா முதலில் சிரித்தார். பிறகு தையல் மெசினைத் துடைத்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், சாப்பாட்டு மேசையில் அக்காவின் கூறைச்சேலை இரண்டாக வெட்டிக் கிடக்கிறது. அத்தான் வீட்டில் இருந்து தட்டில் வந்த கூறை. அரக்குச் சிவப்பு, கைமுட்டு அகலத்துக்குச் சரிகைக் கரை. அதைக் கட்டித்தான் அக்கா தாலி ஏற்றார், நான் அப்போது அரைத்தாவணி வயது, பின்னால் நின்று தோழி வேலை பார்த்தேன். அந்தச் சேலையின் ஒரு துண்டை நாயின் முதுகில் போட்டு அளந்துகொண்டிருந்தார். நாய் ராசா மாதிரி நின்றது.

"உங்களுக்கு விசரே அக்கா? கூறையை வெட்டி நாய்க்கோ?"

நான் கத்தியதில் என் கணவர் முழங்கால் நோவை மறந்து எழும்பி வந்தார். அக்கா வாயில் இருந்த குண்டூசியை எடுத்து நாயின் முதுகுத் துணியில் குத்தினார். அவசரப்படவில்லை.

"இனி உந்தக் கூறையை ஆர் கட்டுறது? உன்ரை மகளின்ரை கலியாணத்துக்குக் கட்டிக்கொண்டு வா எண்டு சொல்லுவியோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். அந்த மனுஷன் முப்பத்திரண்டு வருடமாக இப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறார்.

ஊர்வலத்துக்குப் போன அந்தப் பின்னேரம் நல்ல வெயில், அதோடு நல்ல குளிர். வழியெல்லாம் வீட்டு முற்றங்களில் பிளாஸ்ரிக் எலும்புக்கூடுகள், கடுதாசிக் கல்லறைகள். நாங்கள் பேய் வராமல் இருக்க வேப்பிலை கட்டுகிற சாதி, இவர்கள் பேய் வர வேண்டும் என்று லைற் போட்டுக் காத்திருக்கிறார்கள். பக்கத்துச் சீற்றில் அக்கா ஜக்கெற்றுக்கு மேலே கூறையின் மற்றத் துண்டைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தார். பின் சீற்றில் நாய், அதே சிவப்பில் அங்கி, தலையில் சரிகை வைத்த குட்டித் தலைப்பாகை. அச்சு அசல் மாப்பிள்ளை. பார்க்கச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை, எனக்குப் பிடிவாதம்.

பூங்கா வாசலில் பதிவு மேசை. அங்கே ஒரு படிவம். நாய்க்கு ஊசி போட்டதற்கு அத்தாட்சி கேட்டார்கள், சரி. நாய்க்கு என்னென்ன சாப்பாடு ஒவ்வாது என்று கேட்டார்கள், அதுவும் சரி. நாயின் மனநிலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி. என் மனநிலை எப்படி என்று இந்த நாட்டில் இன்றுவரை எந்தப் படிவமும் கேட்டதில்லை. "நல்லம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

உள்ளே போனால், ஐயோ கடவுளே, பார்க்கவேண்டிய காட்சி. ஒரு நாய் தேனீ. ஒரு நாய் பொலிஸ். ஒரு நாய் இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில், சான்ட்விச்சாம். ஒரு மனுஷி நாயைப் பிள்ளைத் தள்ளுவண்டியில் வைத்து, குளிரும் என்று கம்பளியும் போர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தா. நாலு கால் உள்ள பிராணிக்கு வண்டி. மேசை மேசையாகப் பிஸ்கற் கொடுத்தார்கள், சீனி போடாதது, மா போடாதது, பூசணிக்காயில் செய்தது. என் கணவருக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு வருடம், அவருக்கு இப்படி ஒரு பிஸ்கற் செய்து கொடுத்தவர் யாரும் இல்லை. நான் உட்பட.

எங்கள் ஆட்களும் இல்லாமல் இல்லை. ஒரு தம்பி சமையற்காரன் வேஷத்தில் பெரிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டிக்குள் சிங்கிறால் உடுப்புப் போட்ட நாய். என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"அன்ரி, நீங்களும் வந்திட்டியளோ?"

"நான் ட்றைவர் தம்பி," என்றேன்.

"இவன்தான் எங்கடை மூத்தவன்," என்று சட்டியைச் சாய்த்துக் காட்டினான். அவனுடைய தாய் இதைக் கேட்டிருக்கிறாவோ தெரியாது. நல்ல வடிவான மூத்தவன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

அக்கா இதொன்றையும் பார்க்கவில்லை. நாயின் தலைப்பாகை சரியச் சரியக் குனிந்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். சூனியக்காரித் தொப்பி போட்ட ஒரு பெரிய மனுஷி கையில் ஒலிபெருக்கியோடு வந்தா. அவதான் ஊர்வலத்துக்குப் பொறுப்பு. வரிசை இலக்கப்படி, ஒன்றாம் இலக்கம் முன்னுக்கு வரவேண்டும் என்று அறிவித்தா. எங்கள் சட்டையில் ஒட்டிய இலக்கத்தைப் பார்த்துவிட்டு அக்காவின் முழங்கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

அக்கா நாலு அடி போய் நின்றார். பிறகு ஒரு அடி பின்னுக்கு வைத்தார். இன்னொரு அடி வைத்தார். கயிறு இழுபட நாயும் பின்னுக்கு வந்தது. எனக்கு அந்த அடி தெரியும். ஒன்றரை வருடமாகப் பிறந்தநாள் வீட்டில், சாமத்திய வீட்டில், கோயில் சங்காபிஷேகத்தில், தீபம் காட்டும்போது, கேக் வெட்டும்போது, படம் எடுக்கும்போது, அக்கா அந்த அடியை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லி அவர் வைப்பதில்லை. யாரும் மறித்ததும் இல்லை.

"தங்கச்சி, நான் முன்னுக்கு நிக்கக்கூடாதெண்டு அவவுக்குச் சொல்லு. நாங்கள் கடைசியிலை வாறம்."

தொப்பிக்காரி என்னைப் பார்த்தா. நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் பாஷையில் இது வாயால் சொல்கிற விஷயமே இல்லை. ஒரு கண் சாடை, ஒரு "அவ வேண்டாம்," அவ்வளவுதான், எல்லாருக்கும் விளங்கிவிடும். இங்கே அதை ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல் எடுத்துக் கோர்க்க வேண்டும். இவருடைய கணவர் இறந்துவிட்டார் என்றேன். அதனால் எங்கள் முறைப்படி இவர் நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்றேன். சொல்லும்போதே என் காது சுட்டது. பக்கத்தில் நின்ற தேனீயும் தேனீயின் சொந்தக்காரரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று தொப்பிக்காரி கேட்டா. ஏதோ பார்க்கிங் தடை எத்தனை மணி வரை என்று கேட்கிற மாதிரி.

"எப்போதும்," என்றேன்.

அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. இரக்கப்படுகிறாவோ, ஏசப் போகிறாவோ என்று நினைத்தேன். அவவுக்கு இரண்டுக்கும் நேரமில்லை. பின்னால் அறுபது நாய் நின்று குரைக்கிறது.

"அந்தச் சட்டம் நாய்க்கு இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்படியென்றால் நாய் முன்னால் போகட்டும். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகட்டும்."

அக்கா என் கையைச் சுரண்டினார். "என்னவாம்?"

சொன்னேன். அக்கா நாயைக் குனிந்து பார்த்தார்.

"அது சரிதானே," என்றார்.

அப்படியே நடந்தார். நாய் முன்னால், அக்கா பின்னால். நடுவில் இரண்டு முழக் கயிறு. முதலில் நிலத்தைப் பார்த்தபடிதான் நடந்தார். பாதையின் இரண்டு பக்கமும் சனம் நின்று கைதட்டியது. சால்வையைக் காட்டி வடிவு, வடிவு என்றார்கள். மகள் வீடியோ எடுக்கச் சொல்லிக் கட்டளை போட்டிருந்ததால் நானும் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். அந்த வீடியோவில் என் குரல் கேட்கிறது. "அக்கா, நிமிந்து நடவுங்கோ," என்கிறேன். சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. அக்கா நிமிர்கிறார். நிமிர்ந்து சால்வையை இழுத்துத் தோளில் சரியாகப் போடுகிறார். அந்த நடை எனக்குத் தெரிந்த நடை. கலியாணத்தன்று மணவறையைச் சுற்றி வந்தபோது நடந்த நடை.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. முதற் பரிசு ஒரு பூசணிக்காய்க்கு. கடையில் வாங்கிய செம்மஞ்சள் துணியை நாயின் கழுத்தில் மாட்டிவிட்டுத் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்த ஒரு மனுஷிக்கு. அதற்கு என்ன வேலை, என்ன கைத்திறன்? எங்கள் நாயின் தலைப்பாகையில் மட்டும் அக்கா மூன்று நாள் சரிகை வைத்துத் தைத்தார். நடுவர்களுக்குக் கண் பிடரியிலா என்று தொப்பிக்காரியிடம் போய்க் கேட்டேன். அவ சிரித்துவிட்டு ஒரு பை பிஸ்கற் தந்தா. நான் அதை வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதும் உண்மை.

காரில் ஏறி ஹீற்றரைப் போட்டேன். கண்ணாடியில் படிந்த பனிப்புகார் விலகும்வரை ஓட முடியாது. நாய் பின் சீற்றில் தலைப்பாகையைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. நான் ஏசவில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்ன அந்த வசனம் என் வாயிலேயே நின்றது, புளித்த மோர் மாதிரி. பகல் முழுக்க நாயையும் நாய்காரரையும் பழித்தேனே, அங்கே நின்ற அத்தனை விசரரும் அக்காவை ஒரு இடத்திலும் பின்னுக்கு நிற்கச் சொல்லவில்லை. சொன்னது நான் ஒருத்திதான். அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எனக்குப் பயம் அக்கா," என்றேன். "சம்பந்தி வீட்டுக்காரரை நினைச்சுப் பயமில்லை. பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டுதான்."

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீ பயப்பிடுறாய் எண்டு எனக்குத் தெரியாதே? எனக்கும் உதே பயம்தான். அவள் நான் தீத்தி வளத்த பிள்ளை. உனக்காக வேண்டாமெண்டு சொன்னனான் எண்டு நினைச்சியோ?"

அக்கா முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். வெளியே பூசணிக்காய்க்காரி பரிசைத் தூக்கிக்கொண்டு போனா.

"இண்டைக்கு அறுபது நாயளுக்கு முன்னாலை நடந்திருக்கிறன்," என்றார். "ஒண்டும் சாகேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைக்க அக்காவின் சால்வைத் தலைப்பை எடுத்தேன். அக்கா தட்டிவிட்டார், பட்டு பழுதாகும் என்று.

"தையிலை ஆலாத்தி நீங்கள் எடுங்கோ அக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கேக்கிறியோ, சொல்லுறியோ?"

யோசித்துப் பார்த்தேன். ரெக்ஸ்டேல் வீட்டை விட்டுவிட்டு வாங்கோ என்று சொன்னேன். இந்த அறையில் படுங்கோ என்று சொன்னேன். இந்த நிறத்தில் சேலை கட்டுங்கோ, இந்த வரிசையில் இருங்கோ என்று சொன்னேன். அத்தான் போன நாளில் இருந்து அக்காவிடம் நான் எதையும் கேட்டதே இல்லை.

"கேக்கிறன்," என்றேன்.

"அப்ப எடுக்கிறன்," என்றார் அக்கா.